புத்தகத்தில் 1960 என்று இருக்கிறது

லட்லோ
3 பிப்ரவரி 2024

அன்புள்ள பியர்ஸ்,

இன்று பிப்ரவரி மூன்றாம் தேதி. எனக்கு எண்பத்து நான்கு வயதும் எண்பத்தொரு நாளும் ஆகின்றன. நாள்களையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், சென்ற வாரம் வந்த உன் கடிதம், 'தள்ளாத வயதில் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்' என்று தொடங்கியிருந்ததுதான். பட்டம் பெற்ற குடும்பங்களின் வம்சாவளியை அச்சிடும் சிவப்பு அட்டைப் புத்தகத்தின் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவள் நான். யார் எப்போது பிறந்தார், யாரை மணந்தார், ஆண் வாரிசு உண்டா என்று சரிபார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். கண் கெட்டதே தவிர, தள்ளாமை இன்னும் வரவில்லை.

உன் தந்தை போனபின் லாவெரிக் குடும்பத்தின் 'சர்' என்னும் பரம்பரைப் பேரனெட் பட்டம் மூத்த மகனான உனக்கு வரவேண்டும் என்கிறாய். அதற்கு உன் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறவேண்டும். ஏறுவதற்கு உன் பெற்றோரின் திருமணச் சான்றிதழ் வேண்டும். அது என்னிடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். உனக்கு உதவக்கூடிய சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை.

கேட்காத யோசனை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இதை விட்டுவிடு. நிலம் உன் தாத்தா காலத்தில் போயிற்று. மாளிகை இப்போது முதியோர் இல்லம்; சென்ற ஆண்டு எனக்கே அங்கிருந்து விளம்பரத் தாள் வந்தது. மிச்சமிருப்பது பெயருக்கு முன்னால் போடும் ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு காகிதமா?

ஆரஞ்சு மார்மலேடு இரண்டு புட்டி தனியே அனுப்பியிருக்கிறேன். ஒன்று அடிப்பிடித்தது. எது என்று மறந்துவிட்டது.

அன்புடன்,
அத்தை ஹெஸ்டர்

•

மால்வெர்ன்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தைக்கு,

மார்மலேடு வந்தது, மிக்க நன்றி. இரண்டுமே அடிப்பிடித்தவைதான். ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

'ஒரு சொல்' என்று எழுதிவிட்டீர்கள். அத்தை, என்னிடம் வேறு என்ன இருக்கிறது சொல்லுங்கள். ஏலக்கூடத்தை மூடி இரண்டு வருடம் ஆகிறது. மனைவி என்று இருந்த ரோஸலிண்ட் போய் நான்கு வருடம். அறுபத்திரண்டு வயதில், வாடகை வீட்டின் மாடியில், முன்னோர்களின் படம் மூன்றைச் சுவரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த மூன்று பேரில் யாருமே உழைத்ததில்லை, ஆனால் யாரும் அவர்களை 'நீ யார்' என்று கேட்டதுமில்லை. எனக்கும் அது வேண்டும். ஒரு நாளாவது.

அப்பாவின் இறுதிச் சடங்குக்குப் பிறகு எல்லோரும் என்னை 'சர் பியர்ஸ்' என்றே அழைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. மாவட்ட வரலாற்றுச் சங்கத்தார் தலைவராக இருக்கச் சொன்னார்கள். கடிதத்தாளிலும் அப்படியே அச்சடித்துவிட்டார்கள். பிறகுதான் யாரோ பதிவேட்டைத் தேடிப் பார்த்துவிட்டார். சென்ற வெள்ளிக்கிழமை மதுக்கடையில் ஊற்றிக்கொடுக்கும் டோரீன் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன சர் பியர்ஸ், வழக்கமானதுதானா? இல்ல, பேரு பதிவேட்டுல ஏறுற வரைக்கும் வெறும் பியர்ஸுக்கு அரை கிளாஸ்தானா?" என்றாள். பக்கத்தில் இருந்த கிழவர், "விடும்மா, அவரு பட்டம் தபால்ல வந்துட்டிருக்கு" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

தேடாமல் உங்களைக் கேட்கவில்லை. புத்தகத்தில் அப்பா, அம்மா திருமணம் 1960 என்று இருக்கிறது. நாட்டின் திருமணப் பட்டியலில் 1960ஆம் ஆண்டு முழுவதையும் இரண்டு முறை பார்த்துவிட்டேன். இல்லை. ஆகவே வெளிநாட்டில்தான் நடந்திருக்க வேண்டும். அப்பா அப்போது கடற்படையில் இருந்தார் அல்லவா? மால்டாவுக்கும் ஜிப்ரால்டருக்கும் எழுதியிருக்கிறேன்.

கடைசி வாரத்தில் அப்பாவிடமே கேட்டேன். கண்ணைத் திறக்காமல், "ஹெஸ்டருக்குத் தெரியும், அவளக் கேளு" என்றார்.

அதனால்தான் கேட்கிறேன், அத்தை.

உங்கள்
பியர்ஸ்

•

லட்லோ
20 பிப்ரவரி 2024

அன்புள்ள பியர்ஸ்,

சங்கடமானவற்றையெல்லாம் என் தலையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது என் அண்ணன் காட்ஃப்ரியின் வாழ்நாள் வழக்கம். சாகும்போதும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்று அறிந்தேன்.

மால்டாவையும் ஜிப்ரால்டரையும் தொந்தரவு செய்யாதே. அங்கே எதுவும் நடக்கவில்லை.

நீ புத்தகத்தை நம்புகிறாய். அது எப்படித் தயாராயிற்று என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் அந்தந்தக் குடும்பத்துக்கு அவர்களுடைய பக்கத்தை அனுப்புவோம். அவர்கள் தம் கையாலேயே திருத்தி அனுப்புவார்கள். நாங்கள் அப்படியே அச்சிடுவோம். கனவானின் சொல்லுக்குச் சான்று கேட்பது அநாகரிகம் என்பது அலுவலக விதி. கால்நடை மருத்துவரோடு ஓடிப்போன மகளை ஒரு கர்னல் ஒரே கோட்டில் அடித்துவிட்டார். அவள் மூலம் தமக்கு நாய்க்குட்டி இலவசமாகக் கிடைக்கும் என்று தெரிந்ததும், அடுத்த பதிப்பில் மீண்டும் சேர்த்தார். ஒரு சீமாட்டி பதிப்புக்குப் பதிப்பு இளமையானாள். தம்பிக்கும் இளையவளாகிவிட்ட பிறகுதான் நான் தொலைபேசியில் பேசினேன். "அவன் வயசைக் கொறைச்சுக்கோங்களேன், எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றாள். அச்சில் இருப்பதெல்லாம் இப்படி வந்ததுதான்.

சென்ற செவ்வாயன்று உன் தம்பி வந்திருந்தான். என் சமையலறைக் குழாயின் அடைப்பை எடுத்துவிட்டு, என் வீட்டிலேயே குளித்து, என் கேக்கில் பாதியைத் தின்றான். உன்னைப் பற்றிக் கவலைப்பட்டான். "அவன் ஒழுங்கா சாப்புடுறானா தெரியல அத்தை. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறான்" என்றான். பட்டம் உனக்கு இல்லையென்றால் தனக்குத்தான் வரும் என்று விளையாட்டாகச் சொல்லப்போய், அவனே பயந்துவிட்டான். "ஐயோ, எனக்கு வேணாம் சாமி. என் வேன்ல 'சர் கிரிஸ்பின், சாக்கடை அடைப்பு நீக்கப்படும்'னு எழுதுனா எவன் கூப்புடுவான்? நம்ம பாட்டன் வந்துட்டான்னு அடைப்பே ஓடிடும்" என்றான். நான் சிரிக்கவில்லை. அவன் அதைக் கவனித்தான் என்று நினைக்கிறேன்.

அவனுடைய தொலைபேசியை எடு. சங்கத்தாரிடம் பதவி வேண்டாம் என்று நீயாகவே சொல்லிவிடு. நீயாகச் சொன்னால் அது அடக்கம். மதுக்கடையை மாற்று. இதற்குமேல் தேடாதே என்று இரண்டாம் முறையாகச் சொல்கிறேன். எதையும் இரண்டு முறை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

அன்புடன்,
அத்தை ஹெஸ்டர்

•

மால்வெர்ன்
2 மார்ச் 2024

அத்தைக்கு,

மால்டாவிலும் ஜிப்ரால்டரிலும் எதுவும் நடக்கவில்லை என்று எழுதுகிறீர்கள். அப்படியானால் எங்கே நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல மறுக்கிறீர்கள். ஏன் என்று பல நாள் யோசித்தேன்.

நேற்று புத்தகத்தில் உங்கள் பெயரைத் தேடினேன். முதலில் அப்பா. அடுத்து, மூன்று வாரமே உயிரோடிருந்த உங்கள் தம்பி, பிறந்த நாளும் இறந்த நாளுமாக. அதற்கும் பின்னால், மகள்களுக்கான கடைசி வரியில், பிறந்த ஆண்டுகூட இல்லாமல் நீங்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பக்கத்தை நீங்களே பிழை திருத்தியிருக்கிறீர்கள். அப்பாவைவிடப் படித்தவர், அப்பாவைவிட அறிவாளி. ஆனால் உங்களுக்கு ஒன்றுமில்லை. இப்போது அது எனக்கு வரப்போகிறது என்றதும் தடுக்கிறீர்கள். இதைப் பொறாமை என்று எழுதக் கை கூசுகிறது. வேறு சொல் இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

இத்துடன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் இருக்கிறது. என் பெற்றோர் 1960இல், நான் பிறப்பதற்கு முன்பே, முறைப்படி மணம் செய்துகொண்டார்கள் என்பதைக் குடும்பத்தின் மூத்தவர் என்ற முறையில் அறிவேன் என்று அதில் எழுதியிருக்கிறது. உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன். சான்றிதழ் கிடைக்காத நிலையில் இதை அனுப்பிப் பார்க்கலாம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். நீங்கள் வழக்கறிஞர் ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும்.

கையெழுத்துடன் அனுப்புங்கள். இல்லையென்றால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

பியர்ஸ்

•

லட்லோ
11 மார்ச் 2024

அன்புள்ள பியர்ஸ்,

பத்திரத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். இத்துடன் நீ கேட்ட திருமணச் சான்றிதழும் இருக்கிறது. அதை இப்போதே பார்க்காதே. கடிதத்தை முதலில் படித்துவிடு.

பொறாமைக்கு வேறு சொல் கேட்டாய். அந்த வரியில் என் பிறந்த ஆண்டு இல்லாதது எனக்கு ஒருபோதும் உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் உன்னைத் தடுத்தது அதுவன்று.

நீ 1960ஐ இரண்டு முறை பார்த்தாய். கடைக்காரன் மகனாகவோ குமாஸ்தா மகனாகவோ இருந்திருந்தால் அடுத்த ஆண்டையும் புரட்டியிருப்பாய். நம் போன்ற குடும்பத்தார் மட்டுமே, அச்சில் 1960 என்று இருப்பதால், 1961ஐத் திறக்காமல் மால்டாவுக்குக் கடிதம் எழுதுவார்கள்.

உன் பெற்றோர் 1961ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, லோஸ்டாஃப்ட் நகரின் பதிவாளர் அலுவலகத்தில் மணந்துகொண்டார்கள். நீ பிறந்தது அதே ஆண்டு மே மாதம் பதினொன்றாம் தேதி.

உன் அம்மா மோரின் அங்கே கடலோர விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். காட்ஃப்ரி அவளை மணப்பதாகச் சொன்னார், மனப்பூர்வமாகத்தான் சொன்னார். ஆனால் விடுதிப் பெண்ணை மணந்தால் எங்கள் தந்தை வீட்டைவிட்டு விலக்கிவிடுவார் என்று அஞ்சி, மாதத்துக்கு மாதம் தள்ளிப்போட்டார். கடைசியில் நான்தான் போய் அவரை இழுத்துவர வேண்டியிருந்தது. "அண்ணா, இப்பவே கோட்டைப் போட்டுக்கிட்டு வா. வரலைன்னா அடுத்த ரயில்ல நான் அப்பாகிட்ட போறேன்" என்றேன். "அப்பா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவார்டி" என்றார். "அவர் செய்யட்டும். நீ இவள ஏற்கெனவே தொலைச்சுக்கிட்டிருக்க" என்றேன். வந்தார்.

சாட்சிகள் இருவர். ஒருவன் வாசலில் நின்ற வாடகைக் கார் ஓட்டுநர். மற்றவள் நான். உன்னை என் கையில் வைத்திருந்தேன். ஏழு வாரக் குழந்தை நீ. பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கொழந்தை யாருதும்மா?" என்றார். காட்ஃப்ரி சன்னலைப் பார்த்தார். "என்னோடது" என்றேன். அவர் என் மோதிரமில்லாத விரலைப் பார்த்துவிட்டு, பதிவேட்டைத் திறந்தார்.

அப்படிப் பின்னால் நடந்த திருமணம் உன்னை எல்லாவற்றுக்கும் சட்டப்படி மகனாக்கியது: பெயருக்கு, வீட்டுக்கு, உயிலுக்கு. பட்டத்துக்கு மட்டும் ஆக்கவில்லை. பட்டம் கொடுத்த அரசப் பத்திரத்தில், திருமணத்துக்குள் பிறந்த ஆண் வாரிசு என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை எந்தச் சட்டமும் தொட்டதில்லை. நீ பிறப்பதற்கு ஒரு நாள் முன்பு நடந்திருந்தால் போதும். முந்நூறு ஆண்டுகளானாலும் யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது.

புத்தகத்துக்கு காட்ஃப்ரி 1960 என்று எழுதி அனுப்பினார். அந்தப் பக்கம் என் மேசைக்கே வந்தது. நான் அச்சுக்கு அனுப்பினேன். என் பணிக்காலத்தில் தெரிந்தே நான் விட்ட பிழை அது ஒன்றுதான்; ஒவ்வொரு பதிப்பிலும் விட்டேன். உனக்கு நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பட்டம் கிரிஸ்பினுடையது. அவன் வாங்க மாட்டான். வாங்கினாலும் அவனுடைய இரண்டு மகள்களுக்கு அது போகாது. குடும்பம் அவனோடு முடிகிறது. அதற்காக நான் அழப்போவதில்லை. நீ 'வெறும் பியர்ஸ்' ஆக இருப்பதைத்தான் என்னால் மாற்ற முடியவில்லை.

எழுத வேண்டாம் என்றாய். இதற்குப் பிறகு எழுத மாட்டேன். ஆனால் ஒன்றை நான் காட்ஃப்ரியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் மோரின் எனக்குப் பல்கலைக்கழக முகவரிக்கு எழுதினாள். என்னை அவள் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தாள். 'நீங்கள் வந்து சொன்னால் அவர் கேட்பார், வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார். குழந்தை மே மாதம் பிறக்கும், அதற்குள் வந்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தாள். எனக்கு இறுதித் தேர்வுகள் ஜூன் மாதம். இடையில் இரண்டு நாள் போய்வந்தால் படிப்புக் கெடும் என்று கணக்கிட்டு, தேர்வுகள் முடிந்ததும் வருகிறேன் என்று பதில் எழுதினேன். சொன்னபடியே முடிந்த மறுநாள் புறப்பட்டுப் போனேன்.

எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது.

ஹெஸ்டர்