பின்பக்கம் இரண்டு பிளக் பாயிண்ட்

பயண நாள் 4. 10.20

செவ்வாய்க் கிரகம், வடக்குப் பள்ளத்தாக்கு. எழுதுவது மங்கையர்க்கரசி, வண்டிப் பொறுப்பாளர். உடன் இருப்பவர் இருதயராஜ், பாறை ஆய்வாளர்.

இன்று வண்டியின் பின்பக்கம் இரண்டு பிளக் பாயிண்ட் பொருத்தினேன். இதுவரை துளைப்பான் ஓட வேண்டுமென்றால் முன்பக்கப் பேட்டரியிலிருந்து ஒயரை வண்டி நீளத்துக்கு இழுக்க வேண்டும். இனி பின்னாலேயே செருகலாம். தனி ஒயர், தனி ஃபியூஸ். ஓட்டிப் பார்த்தோம். சூடாகவில்லை. இருதயராஜ் ரேடியோவில்: "அடுத்து ஒரு டீக்கடை போட்டுரலாம்க்கா."

பயண நாள் 5. 14.05

சரிவில் பாறை உருண்டு இருதயராஜின் காலில் விழுந்தது. எலும்பு முறிவு. விண்வெளி உடையும் கிழிந்துவிட்டது. ஒருவர் படுக்கும் அளவிலான அவசரக் கூட்டுக்குள் தள்ளி, மூடி, காற்றை நிரப்பினேன். உயிர் இருக்கிறது. கூடு கேபின் கதவில் நுழையாது. வெளியே திறந்தால் காற்று போய்விடும். பின்தட்டில் வைத்துக் கட்டியிருக்கிறேன். கூட்டின் பேட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும். நிலையம் ஒன்பது மணி நேரத் தொலைவு. புது பிளக் பாயிண்டில் செருகிவிட்டுக் கிளம்பினேன்.

14.50

ஃபியூஸ் போனது. கூட்டின் விசிறியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் நான் போட்ட ஒயர் தாங்காது. மாற்று ஃபியூஸும் போனது. தடித்த ஒயர் வேண்டும். வண்டியில் ஒன்றுதான் இருக்கிறது. கேபின் ஹீட்டருக்குப் போவது.

15.40

அதை உருவிப் பின்னால் இணைத்தேன். கூடு ஓடுகிறது. கேபின் குளிர ஆரம்பித்துவிட்டது. நிலையத்திலிருந்து ரெஜினா: "மங்கை, ராத்திரி மைனஸ் எண்பது போகும். உங்க உடை பேட்டரி அவ்வளவு நேரம் வராது. மீட்பு வண்டி எதிர்ல வருது. நிக்காம வாங்க."

18.30

பின்பக்க மீட்டர் பூஜ்யம் காட்டியது. இறங்கிப் பார்த்தேன். பிளக் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளேயிருந்து அவனே ஸ்விட்சை அணைத்திருக்கிறான்.

"ஒயரக் கழட்டி ஒங்க ஹீட்டர்ல மாட்டுங்கக்கா. ஓட்டுற ஆளு வெறச்சுப் போனா ரெண்டு பேரும் காலி."

"ஸ்விட்சப் போடு. போடுற வரைக்கும் வண்டி நகராது."

அவன் போடவில்லை. நானும் ஏறவில்லை. வெகு நேரம் கழித்து மீட்டர் முள் ஏறியது. அழுதிருக்கிறான், மூச்சில் கேட்டது.

20.45

உடை பேட்டரி தீர்ந்துவிட்டது. கால் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. நான் தூங்கிவிடக் கூடாதென்று அவன் பேசிக்கொண்டே வருகிறான். தூத்துக்குடி உப்பளத்து வெயிலைப் பற்றி. கேட்டால் எனக்குச் சூடு ஏறுமாம். கொஞ்சம் ஏறத்தான் செய்தது.

நேரம் தெரியவில்லை, கண்ணாடியில் பனி

வண்டி நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தியிருக்க வேண்டும். காலால் மிதிக்க முடியவில்லை. தூரத்தில் வெளிச்சம் இரண்டு. அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். பேச்சு வரவில்லை. பின்பக்க மீட்டர் ஓடுகிறது.

வருகிறவர்களுக்கு. முதலில் பின்பக்கம் போங்கள். உங்கள் வண்டி மின்சாரத்தைக் கூட்டில் கொடுத்துவிட்டு அப்புறம் என் ஒயரைக் கழற்றுங்கள். அதுவரை என்னைப் பார்க்க முன்கதவைத் திறக்க வேண்டாம். நான் எப்படி இருக்கிறேன் என்று அவன் கேட்பான். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லு