பத்து வீட்டு சைக்கிள்

ஆனி 18, செவ்வாய்

விடியும்போதே சாரல். குற்றாலத்தில் சீசன். வாடகைக் கடைகளில் ஒரு சைக்கிள்கூட இல்லை, எல்லாம் குளிக்க வந்தவர்கள் கையில். நல்லவேளை, இலஞ்சியில் எங்கள் தெருவில் பத்து வீட்டாரும் சேர்ந்து போன மாதம் ஒரு பழைய வண்டி வாங்கினோம். வாத்தியார் என்பதால் சாவியும் சிலேட்டும் என்னிடம். முதல் நாளே சிலேட்டில் பேர் எழுதியவருக்குத்தான் வண்டி.

நாளை காலை 6: சங்கரன், செங்கோட்டை. மாலை: நான், மண்ணெண்ணெய்.

பின் டயரில் காற்று நிற்கவில்லை.

ஆனி 19, புதன்

காலை 5.30க்குக் கதவைத் தட்டும் சத்தம். கடைசி வீட்டு நெசவாளி காசிம். வண்டி வாங்கிய பிறகு குடிவந்தவர், பத்தில் சேர்ந்தவரில்லை.

"சார்வாள், சைக்கிள் வேணும். தென்காசி வரைக்கும்."

"சங்கரன் எழுதியிருக்காரே பாய். அதோட, இது பத்து வீட்டு வண்டி..."

திரும்பி நடந்துவிட்டார். என் வீட்டுக்காரி கமலம் உள்ளேயிருந்து வந்தாள். "அவர் பொண்டாட்டிக்கு வலி கண்டுட்டாம். நீங்க சிலேட்டப் பாத்துக்கிட்டு நிக்கிய!"

சட்டைகூட மாற்றவில்லை. பின் டயருக்குக் காற்றடித்து, ரோட்டு வழியாக மிதித்தேன். காசிமைக் காணோம், வயல் வரப்பில் போயிருக்க வேண்டும். தென்காசியில் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா வீட்டை முதலில் அடைந்தது நான்தான். பின்னால் உட்காரச் சொன்னேன்.

"நீங்க இறங்குங்க. நடந்து வாங்க." பையை மாட்டிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு அவரே மிதித்துப் போய்விட்டார்.

நர்ஸம்மா தெருமுனையில் காசிம், முழங்கால் வரை சேறு. "நர்ஸம்மா போயாச்சு பாய்" என்றேன். என்னைப் பார்த்தார், திரும்பினார். மூன்று மைல். அவர் முன்னால், நான் பின்னால்.

எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே குழந்தையின் அழுகை. பெண். தாயும் நலம்.

பள்ளிக்குத் தாமதம். ஹெட்மாஸ்டர் முறைப்பு. சங்கரன் மட்டும், "செங்கோட்டை எங்க போயிரப் போவுது?" என்றார்.

ஆனி 20, வியாழன்

பத்து வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசினேன். ஒருவர்: "புதுசா வாறவங்களுக்கெல்லாம் குடுத்தா நமக்கு எங்க மிஞ்சும்?" கமலம் உள்ளேயிருந்தே, "அப்ப பத்து வீட்டுல சேராத நர்ஸம்மாவையும் வண்டிய விட்டு இறக்கியிருக்கணுமோ?" ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். இனி பதினோரு வீடு.

சொல்லப் போனேன். காசிம் தறியில்.

"நேத்து எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும் பாய்."

தறி நிற்கவில்லை. "இருக்கட்டும் சார்வாள். நடக்கக் காலு இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஆனி 23, ஞாயிறு

பஞ்சர். ரேஷனில் சர்க்கரை இல்லை. ஒற்றையடிப் பாதையில் காசிம் எதிரே. எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன். இருவரும் மழையில் நின்றோம்.

ஆனி 30, ஞாயிறு

வெயிலும் சாரலும் மாறி மாறி. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் காசிம், தோளில் துண்டு.

"சைக்கிள் இருக்கா சார்வாள்?"

எழுந்தே விட்டேன். "என்ன பாய்? பிள்ளைக்கு ஏதும்...?"

"பிள்ளைக்கு என்ன, நல்லா தூங்குது. ஐந்தருவில தண்ணி கொட்டுதாம். ஒரு குளியல் போட்டுட்டு வாறேன்."