நொச்சி என்று அனுப்பிய பாவட்டை

அனுப்புநர்:
முருகேசு பஞ்சலிங்கம்,
கமக்காரன்,
புத்தூர்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மூலிகை ஆராய்ச்சிக் கூடம்,
கொழும்பு.

பொருள்: வீக்கம் வற்றச் செய்யும் நொச்சிச் சத்துப் பற்றிய இரண்டாம் பரிசோதனை பிழையாய்ப் போனதும், அதற்கு உத்தியோகத்தர் செல்வி அருந்ததி பொறுப்பல்ல என்பதும்.

மதிப்புக்குரிய ஐயா,

முறைப்பாடு என்றால் பிறர்மேல் எழுதுவதே வழக்கம். இது என்மேல் நானே எழுதுவது. கொஞ்சம் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. சென்ற வருடம் ஆனி மாதம் செல்வி அருந்ததி எங்கள் ஊருக்கு வீட்டு மருந்துகளைக் குறித்துக்கொள்ள வந்தார். அப்போது என் வலது முழங்கால் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தது. எங்கள் வேலி நொச்சியை வதக்கி என் மனைவி குணலட்சுமி ஒத்தணம் கொடுப்பதைக் கண்டு, அவர் நாள்தோறும் வந்து நாடாவால் காலை அளந்து எழுதினார். ஆறாம் நாள் நான் வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கினேன். இன்றும் பிடுங்குகிறேன். அந்தச் சந்தோஷத்தை முதலில் தங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

2. அவர் ஒரு சாக்கு நொச்சியிலை கொண்டுபோனார். அதிலிருந்து பிரித்த சத்தைக் கொடுத்ததில் வெள்ளெலிகளின் கால்வீக்கம் பாதியாக வற்றியது என்று பின்னர் எழுதியிருந்தார். அக்கடிதத்தை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக வாசித்துக் காட்டினேன். அந்தச் சத்துக்குள்ளும் எந்தக் கூறு வேலை செய்கிறதென்று பார்க்க வேண்டும், ஆகையால் நிழலில் உலர்த்தி இடித்த இலை இன்னொரு சாக்கு அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தார்.

3. இதற்கிடையில் எனக்கும் அயலவர் நாகலிங்கத்துக்கும் அதே வேலியால் வழக்கு வந்துவிட்டது. வேலிக்குக் கதியால் கம்பு போடும்போது நான் ஒரு முழம் தள்ளிப் போட்டேன் என்பது அவர் கட்சி. அவர்தான் தள்ளினார் என்பது என் கட்சி. “வழக்கு முடியுமட்டும் உந்த வேலியிலை ஒரு இலை கிள்ளக்கூடாது” என்று எனக்காக வழக்குப் பேசும் பிறக்கிராசியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலி நிறைய நொச்சி நிற்க, வேறு வீட்டில் போய் இலை கேட்க எனக்கு வெட்கம்.

4. ஆகையால் கிணற்றடியில் நின்ற பாவட்டையை வெட்டி, உலர்த்தி, இடித்து, நொச்சி என்று அனுப்பினேன். பிள்ளைப்பெற்றவளைக் குளிப்பாட்டும் தண்ணீரில் இரண்டு இலையும் ஒரே பானையில்தானே அவிகின்றன, ஒன்றுக்கு ஒன்று உதவும் என்று எண்ணினேன். எலிகள் அப்படி எண்ணவில்லை. ஒன்றின் கால்கூட வற்றவில்லையாம்.

5. முதல் கணக்கை அருந்ததி கற்பனையாக எழுதினார் என்று அங்கே பேச்சு எழுந்திருப்பதாகவும், நொச்சியைப் பட்டியலிலிருந்து நீக்கி, அவரை இம்மாத முடிவில் ஆராய்ச்சியிலிருந்து விலக்க இருப்பதாகவும் ஊருக்கு வந்த தங்கள் கூடத்து ஊழியர் ஒருவர் சொல்லி அறிந்தேன். அவரோ என்மேல் ஒரு குற்றமும் சொல்லாமல், முழங்கால் எப்படி என்று மட்டும் கேட்டு எழுதியிருக்கிறார். வாசித்துவிட்டுச் சாப்பிட மனம் வரவில்லை. வெட்கத்தை விட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாகலிங்கத்திடம் எல்லாம் சொன்னேன். வழக்கு வந்த நாள்முதல் என்னோடு கதையாத மனிதர், “அந்தப் பிள்ளை பொய்காரியெண்டு பேரெடுக்கிறதோ? வெட்டும். நான் கோட்டிலை நீதவானிட்டை ஒண்டும் சொல்லமாட்டன்” என்றார். உயரத்து இலைகளை அவரே ஏணி வைத்து வெட்டித் தந்தார்.

6. அந்த இலை இன்று புகையிரதப் பொதியாக வருகிறது. இம்முறை இடிக்கவில்லை. எவரும் பார்த்து அறியும்படி நீலப்பூவோடு முழுக்கிளையாகக் கட்டியிருக்கிறேன். தயவுசெய்து இதைப் பரிசோதிக்கும்வரை அறிக்கையை நிறுத்தி வைக்கவும். செல்வி அருந்ததியை அவருடைய வேலையிலேயே இருக்க விடவும். பிழை என்னுடையது என்று எழுத்தில் அவருக்குக் கொடுத்தால் இன்னும் மனம் ஆறும். எனக்கு என்ன தண்டனை என்றாலும் சம்மதம். கொழும்புக்கு வரச் சொன்னாலும் வருவேன், கால் நன்றாக இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மு. பஞ்சலிங்கம்

புத்தூர்,
12.09.1972

சாட்சி: வேலி யாருடையது என்பதைக் கோடு தீர்க்கட்டும். இலை நொச்சிதான் என்பதற்கு நான் சாட்சி.
க. நாகலிங்கம் (மேற்படி வழக்கின் எதிராளி)