கடைசி இன்னிங்ஸுக்கு ஒருத்தி

1991 ஆகஸ்ட் 10
திருச்சுழி

இல்லை, அது பயம் இல்லை. யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

இன்று அருப்புக்கோட்டையில் மாவட்டப் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்குத் தேர்வு. தேர்வுக் குழுவில் தலைவர் தனுஷ்கோடி சார், இன்பராஜ் சார், நான். பல்கலைக்கழக அணியில் ஆடியவள் என்பதால் என்னைச் சேர்த்தார்களாம். பெண் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போக ஒரு டீச்சர் வேண்டும் என்பதும் காரணம். எது முதல் காரணம்? கேட்கவில்லை.

தேர்வு ஆட்டத்தில் மூத்தவள் ரெஜினா பந்தெறிந்தாள். நல்ல கை. ஐந்தாவது இன்னிங்ஸில் தோள் தளர்ந்தது. மூன்று பேஸிலும் எதிரணிப் பிள்ளைகள், ரன்னுக்கு ஓடக் காத்து. மாற்றாக மாரீஸ்வரியைக் கூப்பிட்டோம். எம்.ரெட்டியபட்டிப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு. ஓடி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"அக்கா எறிஞ்சுக்கிட்டு இருக்காகல்ல டீச்சர். அவுக கையில இருக்கிறத எப்படிப் புடுங்குறது?"

பந்தியில் ஒருவரைப் பாதிச் சோற்றில் எழுப்பிவிட்டு அந்த இலையில் உட்காருவது போல, அவளுக்கு.

தனுஷ்கோடி சார் சிரித்தார். "நெஞ்சுல தில்லு இல்ல. கழிச்சு விடுங்க."

ஆகஸ்ட் 11

அவள் பந்து இடுப்புக்குக் கீழிருந்து கிளம்பி, மட்டைக்கு முன்னால் சற்றே எழும்புகிறது. சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது. ஆனால் கொஞ்ச நேரம்தான். பிறகு எல்லோரையும் போல. ஆகவே, பிறர் களைத்த பிறகு இறக்க வேண்டியவள்.

இங்கே அதற்குப் பெயர் உப்புக்குச் சப்பாணி. அவள் அம்மா ராக்கம்மாளும் அப்படித்தான் நினைக்கிறார். "உக்கார வச்சிருக்கதுக்கா டவுனுக்கு வரச் சொன்னீக? பரீட்சை முடியட்டும்னு மில்லுல ஆள் கேட்டு நிக்கிறாக டீச்சர்."

மாநிலப் போட்டியில் ஆடினால் கல்லூரியில் விளையாட்டு இடம். இல்லாவிட்டால் மில். நடுவில் வேறு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 13

பிடித்துப்போனதால் நன்றாக எறிவதாகத் தோன்றுகிறதா? என்னையே கேட்டேன். இல்லை.

ஆகஸ்ட் 17

இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். பார்த்தோம்.

"மூணு பேஸிலயும் ஆள் நிறுத்துங்க சார்."

"என்ன டீச்சர், நாடகமா?"

"சும்மா எறியச் சொன்னா எல்லாரும்தான் எறிவாக. இவ நெருக்கடிக்குன்னே உள்ளவ."

ரெஜினா நாலு பந்து எறிந்தாள். பிறகு அவளாகவே நடந்து போய் மாரீஸ்வரி கையில் பந்தைத் திணித்தாள். "இந்தா, பிடி. எனக்குத் தோள் விட்டுப்போச்சு. வாங்கலன்னா ராத்திரி வந்து எண்ணெய் தேச்சு விடணும், பாத்துக்க."

வாங்கிக்கொண்டாள்.

முதல் பெண்ணுக்கு நான்கு பந்தும் விலகிப் போயின. அப்படிப் போனால் அவளுக்கு முதல் பேஸ் இலவசம்; மற்றவர்கள் ஒரு பேஸ் நகர, ஒரு ரன் சும்மா போனது. மாரீஸ்வரி குனிந்தாள். காலடியில் கரிசல் கட்டி ஒன்றை எடுத்து நசுக்கி, கையைப் பாவாடையில் துடைத்தாள். அவ்வளவுதான். அடுத்த இருவர் காற்றைத்தான் அடித்தார்கள். மூன்றாமவள் அடித்தது மேலே எழும்பி இவள் கைக்கே வந்தது.

"ஒரு ரன் போச்சே" என்றார் தனுஷ்கோடி சார்.

"மூணு ரன் வராம நின்னுச்சே சார்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு ஹெப்சிபா டீச்சர். ஸ்டாண்ட்-பையா இருக்கட்டும். ஊர்லயே."

"அப்ப நானும் ஊர்லயே இருக்கேன்."

கூட ஒரு பெண் இல்லாமல் எந்த வீட்டிலும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். அவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 18

தூக்கமில்லை. வருத்தமும் இல்லை.

ஆகஸ்ட் 21

இன்பராஜ் சார் பள்ளிக்கு வந்தார்.

"மாரீஸ்வரி போறா, டீச்சர்."

நான் சிரித்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க வர வேண்டாமாம். தனுஷ்கோடி சார் அவுக வீட்டம்மாவக் கூட்டிட்டு வாராக. அடுத்த வருஷம் குழுவுக்கும்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. "சரி சார்" என்றேன். என் கண் பார்த்தது சரி. அதைத் தள்ளிவைக்க முடியாமல் என்னைத் தள்ளிவைத்தார்கள்.

செப்டம்பர் 2

திருச்சி மாநிலப் போட்டியில் இரண்டாவது ஆட்டத்திலேயே அணி தோற்றது. கடைசி இரண்டு இன்னிங்ஸ் மாரீஸ்வரி. மதுரைக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் அவள் பெயரையும் ஊரையும் கேட்டிருக்கிறார். ஜூனில் வரச் சொன்னாராம்.

சாயங்காலம் அம்மாவும் மகளும் பள்ளிக்கே வந்தார்கள். ராக்கம்மாள் சொன்னார்: "மில்லுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்."

மாரீஸ்வரிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "மெதுவா ஒரு பந்து எறியப் பழகணும் டீச்சர். அங்க ஒரு புள்ள அதுலதான் எல்லாரையும் ஏமாத்துனா."

சேலையைத் தூக்கிச் செருகினேன். கையுறையை மாட்டிக்கொண்டு, பந்தைப் பிடிக்க அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.