செருப்பு தேடும் விளக்கு

மாப்ள,

என் வண்டி ஒயரிங் கடையிலிருந்து நீ எடுத்துக்கொண்டு போன நீல இன்சுலேஷன் டேப் கிடைத்துவிட்டது. முழு உருளை இல்லை, ஒரு விரல் நீளத் துண்டுதான். பசை காய்ந்து, ஓரத்தில் மணல் ஒட்டி, இந்தத் தாளின் மேல் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் உன் வண்டியின் வாசனை லேசாக வருகிறது. ஏலக்காயை மென்றுவிட்டுத் தோலை ஸ்டியரிங்குக்குப் பக்கத்துக் குழியில் போடுவாயே, அந்த வாசனை. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று கேட்காதே. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த டேப்பை நாம் இரண்டு பேரும் சேர்ந்து தேடியது நினைவிருக்கிறதா? ஊரில் எல்லாரும் கறுப்பு டேப் சுற்றும்போது நான் மட்டும் நீலம் வாங்கி வைத்திருந்தேன், நான் வேலை பார்த்த இடம் எனக்கே அடையாளம் தெரியட்டும் என்று. ஒருநாள் உருளையைக் காணோம். சின்னமனூர்க் கடையைத் தலைகீழாகப் புரட்டினேன். கம்பத்திலிருந்து சவாரி வந்த இடத்தில் டீ குடிக்க ஒதுங்கிய நீயும் பழைய பேட்டரிகளுக்குப் பின்னால், பெஞ்சுக்கு அடியில் என்று குனிந்து குனிந்து தேடினாய். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும் மாப்ள, விடு" என்றாய். அரை மணி நேரம் தேடினாயே, படுபாவி.

அதற்கு ஒரு வாரம் முன்பு என்னிடம் ஒன்று கேட்டிருந்தாய். மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு நீ கூட்டிப்போகிற பெரியவர்கள் சீட்டில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார்கள். வண்டி ஓட ஓட செருப்பு முன்சீட்டுக்கு அடியில் போய்விடும். திரும்பி வரும்போது ஒரு கண்ணில் கட்டு. பொழுது சாய்ந்து வீட்டு வாசலில் இறங்கும்போது செருப்பு தெரியாது. ஒரு அம்மா ஒற்றைச் செருப்போடு இறங்கி, சரளைக்கல்லில் கால் வைத்துத் தடுமாறியதைச் சொன்னாய். "கதவத் தொறந்தா கீழ எரியிற மாதிரி ஒரு சின்ன லைட்டு போட்டுக் குடு மாப்ள. ரூம் லைட்டு ஒயர்லருந்தே எடுத்துக்கலாம்ல?"

நான் என்ன சொன்னேன் என்பதை மறந்திருக்க மாட்டாய். கடையில் நாலு பேர் இருந்தார்கள். "ஏலே, கண்ட எடத்துல ஒயர இழுக்க இது என்ன கல்யாண வீட்டு சீரியல் செட்டா? கதவு, லைட்டு, ஹாரன், பூட்டு எல்லாத்தையும் ஒரே பொட்டி பாத்துக்கிருக்கு. அது ஒயர்ல கைய வச்சீன்னா இந்தப் பக்கம் வராத" என்று கத்தினேன். நீ சிரித்தாய். சுவரில் நான் எழுதி மாட்டியிருந்த பலகையைக் காட்டினாய். 'ஒயரில் கை வைத்த வண்டிகள் இங்கு எடுக்கப்படாது.' "ஒயர்ல கை வைக்காத வண்டி உங்கிட்ட எதுக்கு மாப்ள வரப்போகுது?" என்றாய். டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதன்பின் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. வண்டி உன் மகளிடம் இருக்கிறது. உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே ஓட்டுகிறாள். ஆனால் இரண்டு மாதமாக வண்டி அவளைப் படாதபாடு படுத்தியது. ஓடிக்கொண்டே இருக்கும்போது மீட்டரில் எச்சரிக்கை விழும். உள் விளக்கு செத்துப்போகும். இறங்கிப் பூட்டினால் ரிமோட்டுக்குக் கதவு பூட்டாது. என்னிடம் கொண்டுவந்தாள். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தேன். உள் விளக்கு ஒயர் எங்கோ பாடியில் இடிக்கிறது என்று எரர் கோடு காட்டியது. கூரையிலிருந்து கதவுத் தூண் வரை ஒயரை உருவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அந்த எரர் கோடை அழித்துவிட்டு நானே கம்பம் வரை ஓட்டிப் போய் வந்தேன். வரவில்லை. அவள் கையில் கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டது.

இப்படி மூன்று தடவை. நான் ஓட்டினால் வராது, அவள் ஓட்டினால் வரும். கோயம்புத்தூரிலிருந்து உன் மகன் வந்தபோது சுருளி வரை ஓட்டிப் பார்த்தானாம், அவனுக்கும் வரவில்லை. எனக்குப் போன் செய்தான். "மாமா, வண்டில ஒண்ணுமில்ல. இவளுக்குத்தான் ஓட்டத் தெரியல. கண்டபடி சுச்சைப் போட்டு அமுக்குறா. ஞாயித்துக்கெழம ஆண்டிபட்டிலருந்து ஆள் வர்றாக. குடுத்துட்டு அவளைப் பஸ்லயே போகச் சொல்லிருவோம்."

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. நானும் பாதி நம்பினேன். சனிக்கிழமை அவள் கடை வாசலில் வந்து நின்றபோது அந்தப் பெட்டியையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் விற்றுவிடுவதே நல்லது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அவள் முகம் சுருங்கியிருந்தது. "மாமா, எனக்கு ஓட்டத் தெரியலன்னு நீங்களும் நினைக்கிறீகளா?" என்றாள். அப்போதுதான் நீ எப்போதும் கேட்கிற கேள்வி காதில் விழுந்தது. "மெசின்ட்ட கேட்டுட்ட. ஓட்டுற ஆளுட்ட கேட்டியா?" என்பாயே.

கேட்கவே இல்லை மாப்ள. மூன்று தடவையும் சாவியை வாங்கிக்கொண்டு அவளைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன்.

"ஆத்தா, நீ ஏறு. ஸ்கூலுக்கு எப்படிக் கெளம்புவியோ அப்படியே கெளம்பு. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்" என்றேன். ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஏறினாள், கதவைச் சாத்தினாள். சீட்டுக்கு அடியில் கைவிட்டு நெம்புகோலைத் தூக்கி, கடகடவென்று சீட்டை முன்னால் இழுத்தாள். மடியிலிருந்த ஸ்கேனரில் அதே எரர் கோடு வந்து விழுந்தது. உள் விளக்கும் போனது. சீட்டைப் பின்னால் தள்ளச் சொல்லிக் கோடை அழித்தேன். போய்விட்டது. முன்னால் இழுக்கச் சொன்னேன். வந்தது. நீ ஆறடி. சீட்டைக் கடைசி வரை தள்ளிவிட்டுத்தான் ஓட்டுவாய். நானும் உன் மகனும் உன் உயரந்தான். உன் மகள் அவள் அம்மா மாதிரி, பெடல் எட்ட வேண்டுமென்றால் சீட்டை இழுத்தே ஆக வேண்டும்.

நாலு போல்ட்டைக் கழற்றி சீட்டைத் தூக்கினேன், கார்ப்பெட்டை உரித்தேன். நீல டேப். உன்னைப் போல இடது கைக்காரன் சுற்றுகிற மாதிரி தலைகீழாகச் சுற்றியிருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் சீட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் நுழைந்து போனது. நசுங்கி, ஓரிடத்தில் செம்பு பளபளத்தது. ஒயரின் முனையில் ஒரு குட்டி பல்ப். வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பாட்டில் மூடியைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்திருந்தாய்.

உன் மகள் எட்டிப் பார்த்தாள். "அந்த லைட்டா? அது கம்பெனிலயே வந்ததுன்னுல நினைச்சேன். ஏறுறவுககிட்ட எல்லாம் எங்க அத்தா பெருமையாக் காட்டுவாக" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஏறி இறங்கிய கண் நோயாளிகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. அந்த விளக்கு பின்கதவைத் திறந்தால்தான் எரியும், நான் உன் வண்டியில் ஒருநாளும் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை.

சிரிப்பு வந்துவிட்டது. கார்ப்பெட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தேன், அப்படியே அழுகையும் வந்தது. உன் மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நீ ஒயரை இழுத்ததில் எனக்கு வருத்தமில்லை. கூடப்பிறந்தவன் மாதிரி இருந்துவிட்டு, ஒரு விளக்கு வேண்டும் என்பதை இரண்டாம் தடவை கேட்க முடியாதபடி உன்னை வைத்திருந்தேனே, அதற்குத்தான் அழுதேன். நான் அன்றைக்கே செய்துகொடுத்திருந்தால் அந்த ஒயர் தண்டவாளத்துக்கு அடியில் போயிருக்காது, உன் மகளும் இப்படிப் பேச்சு வாங்கியிருக்க மாட்டாள்.

விளக்கைப் பிடுங்கிப் போடுவேன் என்று நினைத்தாயா? அதற்குத் தனி பியூஸ் போட்டேன், தனி ரிலே வைத்தேன். சீட்டு எவ்வளவு நகர்ந்தாலும் எட்டாத வழியில் புது ஒயர் இழுத்தேன். அந்தப் பெட்டியின் ஒயரில் இப்போது ஒரு ஒட்டும் கிடையாது. நீ அறுத்த மூடியை மட்டும் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் மகன் வந்தான். அவனையே சீட்டில் உட்கார வைத்து, நசுங்கிய ஒயரைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஆண்டிபட்டிக்காரருக்குப் போன் போட்டு, வண்டி விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிட்டான். தங்கச்சியிடம் மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. சாவியை அவள் கையில் கொடுத்து, "கம்பத்துக்கு நீயே ஓட்டு" என்று பின்னால் ஏறிக்கொண்டான்.

அந்தப் பலகையைக் கழற்றிவிட்டேன். இப்போது ஜாக்கிக்கு அடியில் கிடக்கிறது. போன வாரம் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் ஹாரன் ஒயரைத் தாறுமாறாக வெட்டி ஒட்டிக் கொண்டுவந்தார். வாய்வரைக்கும் வசவு வந்தது, விழுங்கினேன். "என்ன வேணும்னு இத இழுத்தீக?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். சொன்ன பிறகு வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

இனி கோணல் எழுத்துக்கு வருகிறேன். என் வலது கண்ணில் புரை இருக்கிறது, போவோம் வா என்று இரண்டு வருடமாக நச்சரித்தாயே. நேற்று ஆபரேஷன் முடிந்தது. உன் மகள்தான் மதுரைக்குக் கூட்டிப்போனாள். முன்னால் ஏறப் போனேன். "பின்னாடி சாஞ்சு உக்காருங்க மாமா" என்று விரட்டிவிட்டாள். திரும்பி வரும்போது ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டேன், கிழவன் மாதிரி. சின்னமனூர் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. வலது கண்ணில் கட்டு. கதவைத் திறந்தேன். "டார்ச் அடிக்கவா மாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். முன்சீட்டுக்கு அடியில் ஒன்று, கதவோரம் ஒன்று, என் செருப்பு இரண்டும் தெரிந்தன மாப்ள.