பக்கத்து வயலின் காவல்காரன்

மச்சான்,

இன்று பின்னேரம் நம் நாடு மேட்சில் வென்றுவிட்டது. கல்முனைப் பொடியன்கள் சும்மா இருப்பார்களா? கடற்கரை வீதி நெடுக வெடி கொளுத்தினார்கள். அந்தப் புகை ஜன்னலால் நுழைந்து, மேசையில் திறந்திருந்த என் லெப்டொப் வரைக்கும் வந்தது. உடனே உன் சேர்ட் ஞாபகம். திங்கட்கிழமைகளில் நீ இறக்காமத்திலிருந்து வகுப்புக்கு வரும்போது, வயல் காவலில் யானைக்கு எறிந்த வெடியின் மருந்து மணமும் உன்னோடு பஸ்ஸில் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்தினால், "செண்ட் மச்சான், பொரின் சாமான்" என்பாய்.

கடைசி வருஷத்தில், இருவர் சேர்ந்து ஒரு கம்பியூட்டர் கேம் செய்து காட்ட வேண்டும் என்று சேர் சொன்னார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து யோசித்தோம். என் யோசனை ஒவ்வொன்றிலும் பிணம் விழும். கடலிலிருந்து ஏறிவரும் பேய்களை வெட்டும் கேம். ஓடும் பஸ்ஸில் கொள்ளைக்காரனைக் குத்தும் கேம். கழுத்து அறுபட்டால் இரத்தம் எந்தப் பக்கம் பீறிட வேண்டும் என்று நான் விளக்க, பக்கத்து மேசைக்காரர் பாதி றொட்டியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

"நீ இதுவரைக்கும் ரெத்தம் பாத்திரிக்கியாடா?" என்று கேட்டாய்.

"கோழி அறுக்கக்குள்ள பாத்திரிக்கன்."

நீ சிரித்து முடித்துவிட்டு, உங்கள் ஊர் வயல் காவல்காரர் ஒருவரின் கதையைச் சொன்னாய். "யானை தும்பிக்கையால தூக்கி அடிக்கும் எண்டுதானே நீங்க கடக்கரைக்காரர் நினைக்கிறீங்க. அவர அது முழங்கால வெச்சி அமத்திச்சி. சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டிச்சி." நான் மேசையில் ஓங்கி அடித்தேன். "இதுதான்டா கேம்! யானையச் சுடுறம்!"

அப்படித்தான் அது பிறந்தது. திரையில் நம் வயல், நம் கையில் துவக்கு, காட்டிலிருந்து வரும் கொம்பன். பக்கத்து வயலில் ஓலையால் ஒரு காவல் வாடி போட்டு, அதற்குள் ஒரு காவல்காரனை உட்கார வைத்தேன். விளையாட்டுக்கு உன் நீல ஜேர்சியை அவனுக்குப் போட்டுவிட்டேன். "என்னையே கொல்லப் பாக்கிறியா?" என்று கேட்டாய்.

மூன்று வெடியில் யானை சாக வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அதற்குத்தான் நீ சண்டைக்கு வந்தாய். "மூணு வெடில யானை சாவுமாடா? வெடி பட்டா ஓடும். ஓடிப்போய் கண்ணுல படுறவன மிதிக்கும். சுட்டது யாரு, சும்மா இருந்தது யாரு எண்டெல்லாம் அது பாக்காது." என் கையிலிருந்து லெப்டொப்பைப் பிடுங்கி, இரண்டு விரலால் குத்திக் குத்தி அந்த விதியை நீயே எழுதினாய். முழுக் கேமிலும் உன் கைபட்ட பகுதி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் மாடாய் உழைத்து எழுதியது.

சேருக்கு அது பிடிக்கவில்லை. ஒன்றும் செய்யாதவன் செத்தால் விளையாடுகிறவனுக்கு நியாயமாக இருக்காது, மாற்றுங்கள் என்றார். "நியாயமா இரிக்காதுதான் சேர். ஆனா அப்படித்தான் நடக்குது" என்றாய். எனக்கும் எரிச்சல். நல்ல புள்ளி போகிறதே என்று உன்னை வழியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தேன்.

அந்த அறுவடைக்காலத்தில் யாரோ பன்றிக்குப் பொறியாகக் கட்டிவைத்த கட்டுத்துவக்கு ஒரு கொம்பனின் முன்னங்காலில் வெடித்தது. கட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது. நீ விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு, காவலிருந்த வாப்பாவுக்குத் தேத்தண்ணி பிளாஸ்க்கோடு வரம்பில் போனாய். அந்த யானை வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றிருக்கிறது. பரணிலிருந்து வாப்பா எல்லாவற்றையும் பார்த்தார். அவர் எறிந்த வெடி வெடிக்கும்போது உன் கதை முடிந்திருந்தது.

அடக்குவதற்கு முன் உன் மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். நெஞ்சு உள்ளே போயிருந்தது. ஊற்றிய தண்ணீர் வழியாமல் அந்தக் குழியில் தேங்கி நின்றது. நான்தான் கையால் வழித்துவிட்டேன். பீறிடும் இரத்தத்தை எப்படி வரைவது என்று கடை அதிரக் கத்தியவன், அன்று அடுத்த வாளித் தண்ணீரை அள்ளிக் கொடுத்தேன்.

ஜனாஸா அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேமைத் திறந்தேன். துவக்குக்கு முடிவில்லாத தோட்டா கொடுத்தேன். விரல் நோகும்வரை அந்த மிருகத்தைச் சுட்டேன். தோல் கிழிந்தது, கண் போனது, சாகவில்லை. உன் விதிப்படி ஓடியது. பக்கத்து வயலுக்குள் பாய்ந்து வாடியைச் சரித்து, நீல ஜேர்சிக்காரனை மிதித்தது. நான் திரும்பவும் தொடங்கிச் சுட்டேன். திரும்பவும் நீ செத்தாய். அந்த விதியை அழிக்கப் போனேன் மச்சான். அழித்தால் உன் கையெழுத்தென்று என்னிடம் ஒன்றும் மிஞ்சாதே என்று மூடிவைத்துவிட்டேன்.

உனக்காகக் கத்தம் ஓதிய அன்று உன் வாப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். எங்கோ இரவல் வாங்கிய துவக்கு அவரிடம் இருந்தது. "அந்த யானைய எனக்குத் தெரியும் மகன். வாறியா?" "வாறன் மாமா" என்றேன். பயமே வரவில்லை. அது செத்து விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வெறிதான் இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு குளக்கரையில் அதைக் கண்டோம். முன்னங்கால் பானையாக வீங்கி, சீழ் வடிந்தது. மாமா துவக்கைத் தோளில் வைத்தார். சுடட்டும் என்றுதான் நானும் நின்றேன். அப்போது யானைக்கு அங்கால் வெட்டி முடித்த வயலைப் பார்த்தேன். பெண்கள் சிலர் குனிந்து கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் முந்தானை நீலம்.

எனக்கு அந்தத் திரைதான் கண்ணுக்குள் வந்தது. பாய்ந்து குழலைத் தள்ளினேன். வெடி வானத்துக்குப் போனது. யானை பிளிறிக்கொண்டு நாணலுக்குள் நொண்டி நொண்டி இறங்கியது. மாமா என் செவிட்டில் அறைந்தார். மறுபடியும் அறைந்தார். சட்டையைப் பிடித்து வரம்பில் தள்ளி, "ஒன்ட கூட்டாளியக் கொன்ட யானைடா அது!" என்று கத்தினார்.

"பட்டா அங்காலதான் ஓடும் மாமா. அங்க பாருங்க. உங்கட மகன்தான் எனக்குச் சொல்லித் தந்தவன்."

அவர் பார்த்தார். அந்தப் பெண்கள் வெடிச் சத்தத்தில் நிமிர்ந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா துவக்கைக் கீழே போட்டுவிட்டு வரம்பில் குந்தினார். உன் பெயரைச் சொல்லிச் சொல்லி மண்ணில் அடித்து அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன், காதில் இரத்தம் வந்தது.

பிறகு அந்த யானை கால் அழுகி, குளக்கரையிலேயே விழுந்து செத்தது. பார்க்கப் போனேன். சந்தோஷம் வரவில்லை. பாவமென்றும் தோன்றவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

சேர் குறைந்த புள்ளிதான் போட்டார். உன் விதியை நான் எடுக்கவில்லை. மாமா அறைந்த காதில் இன்னும் ஒரு இரைச்சல் இருக்கிறது, மழைக்காலத்தில் கூடும். வெளியே வெடிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொம்பன் காட்டோரம் நிற்கிறது, துவக்கு என் கையில்தான் இருக்கிறது. நான் சுடாமல் இருக்கிறேன் மச்சான். பக்கத்து வயலில் நீல ஜேர்சியோடு நீ வாடிக்குள் உட்கார்ந்திருக்கிறாய்.