முன்சக்கரத்துத் திருகு

என்னங்க, எங்கள் அப்பா பருத்திக் காட்டில் மயங்கி விழுந்துவிட்டார். நேற்றைய மழையில் கரிசல் முழுக்கச் சேறு. ஆம்புலன்ஸ் பேரையூர் ரோட்டிலேயே நிற்கிறதாம். உங்கள் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு போகிறேன். உங்களைக் கூப்பிட்டால் போன் இங்கே சார்ஜரில் கிடந்து அடிக்கிறது!

ரோட்டில் ஓட்டிவிடுவேன். சேற்றில்? கியருக்குப் பக்கத்துச் சின்ன லீவரைப் போட்டாலே நாலு சக்கரமும் இழுக்குமா? முன்சக்கரத்து நடுவிலுள்ள திருகையும் கையால் திருப்பணுமா? டயரில் காற்றைக் குறைக்கணுமா? போன வாரம் இதைத்தான் கேட்டேன். "கத்துக்கிட்டு என்னத்தப் பண்ணப் போற?" என்று சிரித்தீர்கள்.

சோறு வடித்துவிட்டேன். குழம்பு வைக்கவில்லை. பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் போய்க் கூட்டி வாருங்கள்.

ஜெயக்கொடி

திருகு இரண்டையும் திருப்பிவிட்டேன். சரியா தப்பா என்று மட்டும் போன் பண்ணிச் சொல்லுங்கள், சிரிக்காமல்.